குடியினின்று மீட்போர்

குடிப்பழக்கத்தை ஒழுக்கக்கேடு என்று மட்டுமே எண்ணிப் பிரம்பெடுத்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அது நோயுமாகும் என்பதை எனக்கு உணர்த்தியது சாந்தி ரங்கநாதன் அம்மையாரின் வரலாறு.

அவருடைய கணவர் மதுவுக்கு அடிமையாகி, 1979-ஆம் ஆண்டில் இளமையிலேயே மறைந்தார். குடிப்பவரின் குடும்பம் நாணி மறைக்கும் செய்தி அது. அம்மையாரோ 1980-இல் சென்னையில் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திற்குக் கணவர் பெயரையே சூட்டினார். இத்துணிவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து ஹேசல்டன் நிலையத்திலும் அவர் பயிற்சி பெற்றார்.

நடுக்கம், உறக்கமின்மை முதலியவற்றை முதலில் மருத்துவர் தணிப்பார். ஆலோசகரின் வேலை அதன் பின்னரே. “எப்போதாவதுதான் குடிக்கிறேன்” என்பார் நோயாளி. ஆலோசகர் வாதிடுவதில்லை, “சென்ற மாதச் சம்பளம் என்னவாயிற்று?” என்று வினவி, உண்மையை அவர் வாயாலேயே வருவிப்பார். (ஆசிரியப் பயிற்சியில் வினாவிடை முறை என்று நாங்கள் பயின்றதும் இதுவே, கடைப்பிடித்தவர் சிலரே.) மனைவியிடமும் தனியே உரையாடுவார். கடனை அடைத்தும், பொய்க் காரணம் காட்டி விடுப்புக் கடிதம் எழுதியும், அவள் தன்னையறியாமலே அந்நோயை வளர்த்து வந்திருப்பாள்.

மீண்டவர் மறுபடியும் குடித்துவிட்டு வருவதுண்டு. அப்போதும் கடிந்துரை இல்லை. எத்தெருவில், எவருடன், என்ன மனநிலையில் முதற் கோப்பையைத் தொட்டார் என்றே ஆலோசகர் கேட்பார். மறுநாள் அவர் வேறு தெரு வழியே வீடு திரும்புவார்.