குட்டி போட்ட நாய் சீறினால்...
(பிரம்மதேசம் பகுதி குழுக்களின் மாதக் கூட்டத்தில் பேசியது)

சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடிச்சாச்சு. இன்னைக்கு நாங்க பேச எடுத்துக்கிட்டது நாய் விஷயம். சிரிக்காதீங்க. நம்ம உறுப்பினர் ஒருவரின் பேரப்பிள்ளைக்கு நடந்ததைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

உப்பளத்தில் சாமான் வைக்கிற கொட்டகையில் ஒரு பெட்டை நாய் இருக்கிறதே, பிள்ளைங்க வாலைப் பிடிச்சு இழுத்தாலும் சும்மா இருக்கும். அது சாக்குகளுக்குப் பின்னால் குட்டி போட்டது. நாலாம் நாள் குட்டியைத் தூக்கப் போன பிள்ளையின் கையைக் கடித்துவிட்டது. பாட்டி மஞ்சள் வைத்துக் கட்டினார். "குட்டி போட்ட நாய்தானே, வெறியெல்லாம் இருக்காது" என்று சமாதானம் சொன்னவர்களில் நாங்களும் உண்டு. மறுநாள் கிராம சுகாதார செவிலியர் வந்து சத்தம் போட்ட பிறகுதான் பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம்.

நாங்க சொன்னதில் பாதி சரி. குட்டி போட்டதும் நாயின் உடம்பில் பால் சுரக்க வைக்கும் சுரப்புகள் கூடும். அதோடு குணமும் மாறும். முதல் இரண்டு வாரம் குட்டிக்குக் கண் திறக்காது, காது கேட்காது. தாய் நக்கிவிட்டால்தான் மூத்திரம்கூடப் போகும். அந்த நேரத்தில் பழகினவங்க கை நீட்டினாலும் அதுக்கு ஆபத்தாகத்தான் தெரியும். உறுமும், பல்லைக் காட்டும், குட்டியைக் கவ்வி வேறு இடம் மாற்றும். மூணு நாலு வாரத்தில் குட்டிக்குப் பல் முளைத்ததும் தாயே விலகி நிற்கும், பால் குடிக்க வந்தால் சீறும். அது பால் மறக்கடிக்கிற வேலை. நாம பிள்ளைக்கு வேப்பெண்ணெய் தடவுகிற மாதிரிதான்.

மீதிப் பாதி பெரிய தப்பு. திடீரென்று குணம் மாறுவது வெறிநோய்க்கும் அடையாளம். நோய் வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் கிருமி வந்துவிடும். எதனால் கடித்தது என்று பார்த்துச் சொல்ல நம்மால் ஆகாது. நோய் கண்டபின் பிழைப்பது அரிது. அதனால் எந்த நாய் கடித்தாலும், குட்டி கீறினாலும், உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவணும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம், கட்டும் போட வேண்டாம். அன்றே முதல் ஊசி. பிறகு 3, 7, 28-ஆம் நாள். ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே போடும் மருந்தும் உண்டு, கேட்டு வாங்குங்க. 1907-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் வருவதற்கு முன் நம்ம பக்கத்தில் கடிபட்டவர்கள் இமயமலைப் பக்கம் கசௌலிக்கு ரயிலேறணும். இப்போ அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

நாயை அடிச்சு விரட்டலாம், குட்டிகளைச் சாக்கில் கட்டி எங்காவது விட்டுடலாம் என்றும் சிலர் சொன்னாங்க. குட்டியைப் பிரித்தால் அது தேடி அலையும், மடி கட்டிக்கொண்டு வலியில் இன்னும் சீறும். அது கேட்பது தண்ணீரும் தள்ளி நிற்பதும்தான். பால் கொடுக்கிற நாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு மூணு மடங்கு தீனி வேணும். சுற்றிலும் உப்புத் தண்ணீர், குடிக்க அதுக்கு எங்கே போகும்? ஒரு சட்டியில் நல்ல தண்ணீர் வைங்க, தூரத்தில் வைத்துவிட்டு வந்துடுங்க.

இன்னொன்று. வீட்டு நாய், அதிலும் சின்ன ரகம், பால் கொடுக்கும்போது மூச்சு வாங்கி, கால் விறைத்து நடுங்கினால் சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கலாம். கிட்டே போய்த் தொடாமல் 1962-க்குப் போன் பண்ணுங்க, தாமதித்தால் செத்துப்போகும்.

கொட்டகைக் குட்டிகளுக்கு இப்போ நாலு வாரம் ஆகப் போகுது. மூணு மாதத்தில் அவைகளுக்குத் தடுப்பூசி. பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, அதே இடத்தில் விடணும் என்று 2023 விதிகள் சொல்லுது. அது உள்ளாட்சியின் பொறுப்பு. ஊராட்சிக்கு மனு எழுதி வைத்திருக்கிறோம், கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.

பிள்ளைக்கு 28-ஆம் நாள் ஊசி வர்ற வியாழக்கிழமை. அன்றைக்குப் பாட்டிக்கு உப்பு வாருகிற வேலை, லீவு போட்டால் கூலி போயிடும். கூட்டிக்கொண்டு போக ஒருத்தர் வேணும். யார் வர்றீங்க?