கூடாரத்தில் ஏழு நாள்



எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். மகளின் பேறுகாலத்துக்குப் போய், ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் தாய்மார் கைபேசி நிறையப் படங்களோடு வருவார்கள். அப்படி வந்த ஒரு அம்மா, கலிபோர்னியாவின் கடலோர ரெட்வுட் காட்டில், ஆற்றங்கரையில், மருமகன் கூடாரம் அடித்த படத்தைக் காட்டினார். ரெட்வுட் என்றதும் நம் ஊர்ச் செம்மரத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது வேறு மரம், உலகிலேயே உயரமாக வளர்வது. 100 மீட்டரைத் தாண்டியவையும் உண்டு, ஏறக்குறைய முப்பது மாடி உயரம். இவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேர் ஆழமாக இறங்குவதில்லை. வேர்கள் மேலாகப் பரவி, பக்கத்து மரங்களின் வேர்களோடு பின்னிக்கொண்டு நிற்கின்றன.

அந்த அம்மாவுக்கு மரத்தைவிட வேறொன்றுதான் வியப்பு. "ஃபாதர், நல்ல வீடு இருக்கு. அதைப் பூட்டிட்டு, காசு கட்டி, ஆத்தோரம் தரையில படுக்கிறாங்க. ராத்திரி கழிப்பறைக்குப் போறதுன்னாகூட டார்ச் எடுத்துட்டு நடக்கணும். இதுல என்ன சுகம்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. தினமும் கேம்ப் ரோடு சந்திப்பு நெரிசலில் நிற்கிற நமக்குக் கேம்ப் என்ற சொல் பழக்கம்தான், பொருள்தான் மறந்துபோயிற்று. ஆனால் நல்ல வீட்டை விட்டுவிட்டுக் குடிலில் போய்ப் படு என்று முதலில் சொன்னது எந்தச் சுற்றுலா நிறுவனமும் அல்ல. லேவியர் நூல் 23-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஏழாம் மாதம், விளைச்சலைச் சேர்த்து முடித்த கையோடு, இஸ்ரயேலர் எல்லாரும் ஏழு நாள் கூடாரங்களில் தங்க வேண்டும் என்று ஆண்டவர் கட்டளையிடுகிறார். எகிப்திலிருந்து அழைத்து வந்தபோது உங்கள் முன்னோரைக் கூடாரங்களில்தான் குடியிருக்கச் செய்தேன், அதை உங்கள் தலைமுறைகள் அறிய வேண்டும் என்பது காரணம்.

எந்த நேரத்தில் சொல்கிறார் என்று கவனியுங்கள். பஞ்ச காலத்தில் அல்ல. களஞ்சியம் நிறைந்து, வீடு உறுதியாகி, இனி நமக்கென்ன குறை என்று கால் நீட்டும் நேரத்தில். யூத மரபில் இந்தக் குடிலுக்கு ஒரு விதி உண்டு: கூரையை இலைதழைகளால் வேய வேண்டும், அதன் இடுக்கு வழியே விண்மீன் தெரிவது நல்லது. மழை வந்தால் ஒழுகும். ஒழுகட்டும் என்பதுதான் விதியின் உட்பொருள்.

நெகேமியா நூல் 8-ஆம் அதிகாரத்தில் இதே விழா வருகிறது. நாடுகடத்தலிலிருந்து திரும்பிய மக்கள் மலைக்குப் போய்த் தழைகளை வெட்டி வந்து வீட்டு மாடிகளிலும் முற்றங்களிலும் குடில் போட்டார்கள். மொட்டை மாடியில் குடில் என்றதும் எங்கள் பகுதிக்காரர்களுக்கு 2015 டிசம்பர் நினைவுக்கு வரும். அடையாறு பொங்கி முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தபோது, எத்தனையோ குடும்பங்கள் மாடியில்தான் படகுக்காகக் காத்திருந்தன. அது யாரும் கொண்டாடிய விழா அல்ல. ஆனாலும் சொந்த வீடு எவ்வளவு உறுதி என்பதை அன்று ஒரே இரவில் கற்றுக்கொண்டோம்.

இந்த வாசகங்களையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டுதான், எங்கள் அன்பியக் குடும்பங்கள் சில பூச்சமரத்தூருக்குப் போனபோது நானும் சென்றேன். பலர் பரளிக்காடு என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள், அதே பக்கம்தான். சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை மேட்டுப்பாளையம். அங்கிருந்து வேனில் காரமடை, வெள்ளியங்காடு தாண்டி மலைப்பாதை. பில்லூர் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டி, பவானி ஆற்றின் கரையில், வனத்துறை தங்கும் குடில்கள் வைத்திருக்கிறது. நடத்துவதில் அங்குள்ள இருளர் பழங்குடி மக்களுக்குப் பங்கு உண்டு. பரிசல் தள்ளுபவர்கள் அவர்கள். சுக்குக் காபி தருவதும், களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் ஆக்கிப் போடுவதும் அந்த ஊர்ப் பெண்கள்.

ரெட்வுட் உயரம் இங்கே இல்லை. ஆனால் ஆற்றோரத்து நீர்மருத மரங்களுக்குக் கீழே நின்றால் போதும், மனிதனின் அளவு தெரிந்துவிடும். இருட்டியபின் வெளியே நடக்கக் கூடாது, யானை வரும் வழி. கைபேசிச் சிக்னலுக்காக எங்கள் இளைஞர்கள் முதல் ஒரு மணி நேரம் கையை உயர்த்திக்கொண்டே திரிந்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அந்த அமைதிக்காக நான் ஆயிரம் கிலோமீட்டர்கூடப் போகத் தயார்.

பவானி நீலகிரியில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் போய், மறுபடி தமிழ்நாட்டுக்குத் திரும்புகிற ஆறு. பில்லூர்த் தண்ணீரைக் கோவை மக்கள் குடிக்கிறார்கள். மீதி ஓடிப் பவானி கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. காவிரித் தண்ணீர் வீராணம் வழியாகச் சென்னைக்கும் வருகிறது. அந்தக் கரையில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது எங்கள் பிள்ளை ஒருத்தி, "அப்ப இவங்க வீட்டு வாசல் தண்ணியத்தான் நாம குடிக்கிறோமா?" என்றாள். மறைக்கல்வி வகுப்பில் நான் எடுத்த எந்தப் பாடத்துக்கும் இவ்வளவு விரைவாகப் பதில் வந்ததில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின், பரிமாறிய அம்மா ஒருவர் எங்களிடம் பேச்சுக் கொடுத்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். தாம்பரம் பக்கம், செங்கல்பட்டு மாவட்டம் என்றோம். "அங்கயும் எங்க ஆளுங்க இருக்காங்களாமே, பாத்திருக்கீங்களா?" என்றார். இருபது பேர் இருந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை.

இருக்கிறார்கள், அன்பர்களே. மேற்கு மலை இருளருக்கும் நம் பகுதி இருளருக்கும் பேச்சும் வாழ்க்கையும் வேறு, ஆனால் பெயர் ஒன்று. இரு சாராரும் அரசின் பழங்குடிப் பட்டியலில், மிகவும் நலிந்த பிரிவில் இருப்பவர்கள். வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை நீங்கள் மாமல்லபுரம் போகிற வழியில் பார்த்திருக்கலாம். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு அவர்கள் கையால் எடுக்கப்படுவது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் வயல்காட்டில் ஒருவர் பாம்புக்கடியிலிருந்து பிழைத்தால் அதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அதே மக்களில் எத்தனையோ பேர் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணக் கடனுக்குக் கொத்தடிமைகளாகக் கிடந்து மீட்கப்பட்டவர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. 'ஜெய் பீம்' படம் பார்த்து 2021-இல் நாம் எல்லாரும் கண் கலங்கினோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு தொலைக்காட்சியை அணைத்தோம்.

பூச்சமரத்தூரிலிருந்து திரும்பிய வாரம், பங்கிலிருந்து அரைமணி நேரத் தொலைவில் உள்ள ஓர் ஏரிக்கரைக்கு நாங்கள் ஐந்தாறு பேர் போனோம். பன்னிரண்டு குடிசைகள். கூரை மேல் பழைய பேனர் துணி. எந்தக் கல்யாண மண்டபத்திலோ கட்டியிருந்த காதணி விழா பேனர், மாமன்மார் படங்களோடு. அங்கேயும் கூரை இடுக்கில் விண்மீன் தெரியும். ஏழு நாள் அல்ல, பிறந்ததிலிருந்து.

கூடார விழாவைப் பற்றி இணைச்சட்ட நூல் 16-ஆம் அதிகாரம் சொல்கிற ஒன்றை நாம் அதிகம் வாசிப்பதில்லை. நீ மகிழ்ந்திரு, உன் பிள்ளைகளும் மகிழட்டும் என்பதோடு நிற்காமல், உன் ஊரில் இருக்கும் அந்நியரும் அநாதையும் கைம்பெண்ணும் உன்னோடு மகிழ வேண்டும் என்கிறது. நெகேமியாவின் மக்களுக்கும், தங்களுக்கென ஒன்றும் சமைத்து வைக்காதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்றே சொல்லப்பட்டது. யோவான் நற்செய்தி, வாக்கு மனிதராகி நம்மிடையே குடிகொண்டார் என்று சொல்லும் இடத்தில், கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் கூடாரம் அடித்தார் என்பது. மலையடிவாரத்து விடுதியில் என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

காட்டில் போய்த் தங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. போங்கள், பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள், சமைத்துப் போட்டவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏரிக்கரையில் நாங்கள் மதம் பேசவில்லை, அதற்காகப் போகவும் இல்லை. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அரிசி என்றோ துணி என்றோ அவர்கள் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் நிலையில்தான் தருவார்கள், தாய் தகப்பனிடம் ஒரு தாளும் இல்லாதபோது அது எளிதல்ல. பத்தாம் வகுப்புக்கு மேல் உதவித்தொகை, விடுதி, வேலை எல்லாம் அந்த ஒரு தாளில் நிற்கின்றன. எங்கள் பங்கில் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இப்போது சனிக்கிழமைதோறும் அங்கே போய், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதித் தருகிறார். அமெரிக்கா போய் வந்த அந்த அம்மாவும் கூடவே போகிறார். இதுவரை நான்கு பிள்ளைகளுக்கு எழுதியாயிற்று, இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள்.