சாயம் கரைத்த கைகள்: தொழில்வழிப் புற்றுநோய்க் கருத்தரங்கத் தலைமை உரை

 

1775-இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைப்பவர்களின் விதைப்பையில் வந்த புற்றுக்குக் புகைக்கரியே காரணம் என்று எழுதினார். சிறுவயதில் அந்தக் குழாய்களுக்குள் ஏறியவர்களை, ஆளான பிறகு நோய் பிடித்தது. 1895-இல் பிராங்பர்ட்டில் லுட்விக் ரேன், மெஜந்தா சாயம் தயாரித்த தொழிலாளர் சிலருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி இருந்ததை அறிவித்தார். அவர் அனிலினைச் சந்தேகித்தார். பென்சிடினும் 2-நாப்தைலமீனுமே முதன்மைக் குற்றவாளிகள் என்பது பின்னால்தான் தெளிந்தது.

அமீன்கள் எனப்படும் இந்த வேதிப்பொருள்கள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகின்றன. கல்லீரல் அவற்றை மாற்றி அனுப்ப, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. ஆனால் சிறுநீர் மணிக்கணக்கில் பையில் தங்குகிறதே! அங்கேதான் உட்சுவர் கெடுகிறது. கெட்டது கட்டியாகத் தெரிய இருபது ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். அதற்குள் தொழிலாளி அந்த வேலையை விட்டிருப்பார், முதலாளியும் மாறியிருப்பார்.

பிரிட்டனில் கேஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1954-இல் இந்த இடைவெளியைக் கடந்தது எப்படி? ஆலைகளின் ஆள்பதிவேட்டையும் இறப்புச் சான்றுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அந்த ஆய்வின் பெருமையெல்லாம் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது என்பேன்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். பென்சிடினை வெளிவிடக்கூடிய அசோ சாயங்களை ஆடைகளில் பயன்படுத்த ஜெர்மனி 1994-இல் தடை விதித்தது. 1997-இல் இந்திய அரசும் இத்தகைய சாயங்கள் பலவற்றைத் தடை செய்தது. ஜெர்மனியின் தடை, துணியை உடுத்துபவரின் தோலைக் காக்க எழுந்தது. சாயப்பட்டறையில் பொடியை எடைபோட்டு, வாளியில் கரைத்து, அதே கையால் சோறு பிசைந்தவரோ அதைவிடப் பன்மடங்கு நெருக்கத்தில் நின்றார். இந்த ஏற்றத்தாழ்வை எண்ணும்போது எனக்கு வருத்தம் மேலிடுகிறது. தடைக்கு முன் பொடி கரைத்த இளைஞர்களில் பலர் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள். நோய் தலைகாட்டும் வயது அது.

வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வரும். இரண்டு நாளில் தானே நின்றும்விடும். "உடம்புச் சூடு" என்று இளநீர் குடித்துவிட்டு மனிதர் வேலைக்குப் போய்விடுவார். மாதங்கள் கழித்து நம்மிடம் வந்தால், புகைபிடிப்பாரா என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். கேட்க வேண்டியதுதான், சிறுநீர்ப்பைப் புற்றுக்குப் புகையிலை பெரும் காரணம். என்ன வேலை பார்த்தார் என்பதையோ பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டாலும் "கூலி" என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறோம்.

இங்கு வந்துள்ள மருத்துவர்களை ஒன்று வேண்டுகிறேன். நாளை புறநோயாளர் பிரிவில் சிறுநீரில் ரத்தம் என்று வரும் முதல் ஆணிடம், பதினெட்டு வயதிலிருந்து எந்தெந்தப் பட்டறையில், எதைத் தொட்டு வேலை செய்தார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே நோயாளர் ஏட்டில் எழுதி வையுங்கள்.