ஓட்டுநர் தேர்வு: மைதானமும் சாலையும்

(கேரள–தமிழ்நாட்டு எல்லைப்புறக் கிராமங்களின் மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஆற்றிய உரை)



பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே சிறிது நேரம் சாலையோரம் நின்று வண்டிகளின் எண் பலகைகளைப் பாருங்கள். கே.எல். 19 பாறசாலை, கே.எல். 20 நெய்யாற்றின்கரை, டி.என். 75 மார்த்தாண்டம், டி.என். 74 நாகர்கோவில். எண்கள் இரு மாநிலங்களுக்குரியவை, சாலை ஒன்று. ஓட்டுவோர் பெற்றுள்ள உரிமமும் ஒரே சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டதே. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் நாடு முழுமைக்கும் பொதுவானவை. நெய்யாற்றின்கரையில் பெற்ற உரிமம் நாகர்கோவிலிலும் செல்லும்; நாகபுரியிலும் செல்லும். ஆகவே எங்கோ ஓர் அலுவலகத்தில் தேர்வு தளர்ந்தால் அதன் விளைவு அந்த அலுவலகத்தின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை.

புதிய ஓட்டுநர்களுக்கு நாம் நடத்தும் தேர்வு போதிய கண்டிப்புடையதா என்பதே இன்றைய கேள்வி. இதற்குப் பலரும் உடனே தரும் விடை, சட்டம் போதாது என்பது. நான் அதை ஏற்கவில்லை. விதிகளைப் படித்துப் பார்ப்பவர் வியப்படைவார். வண்டியைக் கிளப்புமுன் பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்தல், மேட்டிலும் இறக்கத்திலும் வண்டியை நகர்த்துதல், முந்துதல், பிறரை முந்தவிடுதல், திரும்பும்போது உரிய சைகை காட்டுதல், அவசரத்தில் நிறுத்துதல், பின்னோக்கி ஓட்டிக் குறுகிய திறப்பினுள் நுழைத்தல் என 15ஆம் விதி நீண்டதொரு பட்டியலைத் தருகிறது. இவை யாவற்றையும் உள்ளபடியே சோதித்தால் நம் தேர்வு எந்த நாட்டின் தேர்வுக்கும் இளைத்ததன்று.

நடைமுறையில் நடப்பது என்ன? தமிழ்நாட்டில் 'எட்டுப் போடுதல்' என்பது ஓட்டுநர் தேர்வுக்கே மறுபெயராகிவிட்டது. கேரளத்தில் இருசக்கர வண்டிக்கு எட்டு, காருக்கு 'எச்'. மைதானத்தில் கம்பிகளை நட்டு, அவற்றில் இடிக்காமல் அவ்வெழுத்தின் வடிவில் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். இது பயனற்ற பயிற்சி என்று நான் கூறமாட்டேன். ஆனால் முன்சொன்ன பட்டியலில் பின்னோக்கி ஓட்டிக் குறுகிய திறப்பில் நுழைவது ஒரு கூறு மட்டுமே. அந்த ஒரு கூறு ஏனைய கூறுகளையெல்லாம் விழுங்கிவிட்டது. அதையும் மாணவர் திறமையாகக் கற்பதில்லை, மனப்பாடமாகவே கற்கிறார். இந்தக் கம்பி இந்தக் கண்ணாடியில் தெரியும்போது ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பு, அடுத்த கம்பி தோளுக்கு நேரே வரும்போது நேராக்கு என்பதே பாடம். அதே மைதானம், அதே வண்டி, அதே கம்பி எனில் தேர்ச்சி உறுதி. சாலையில் அந்தக் கம்பிகள் இல்லை.

இதற்குக் காரணம் அலுவலரின் அலட்சியம் என்று கூறிவிடுவது எளிது. கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் ஒரு நாளில் 6 மணி நேரம் தேர்வுக்கே ஒதுக்குவதாகக் கொள்வோம். நூறு பேர் வந்தால் தலைக்கு 3 நிமிடமும் 36 விநாடியுமே கிடைக்கும். அதற்குள் மைதானம், சாலை, ஆவணம் எல்லாம் முடிய வேண்டும். இருக்கையைச் சரிசெய்து, பட்டையை மாட்டிக்கொள்வதற்கே ஒரு நிமிடம் கழியும். பிரிட்டனில் ஓட்டுநர் தேர்வு 1935 ஜூனில் கட்டாயமாக்கப்பட்டது. இன்று அங்கு சாலைத் தேர்வு ஏறத்தாழ 40 நிமிடம். அதில் கணிசமான பகுதியில் தேர்வாளர் திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லமாட்டார், ஓட்டுபவரே வழிகாட்டிக் கருவியையோ பலகைகளையோ பார்த்துச் செல்ல வேண்டும். தேர்வுக்கு வருவோரில் ஏறத்தாழப் பாதிப்பேரே வெற்றி பெறுகின்றனர். கண்டிப்பு என்பது கடுமுகமன்று, நேரமே கண்டிப்பு.

கேரள அரசு 2024இல் இந்தக் குறையைக் களைய முற்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் வெளியான சுற்றறிக்கை தேர்வுகளின் நாளொன்றுக்கான எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தது. 'எச்' வடிவத்துக்கு மாறாக, வளைந்து செல்லுதல், சாய்வாகவும் இணையாகவும் நிறுத்துதல், மேட்டில் நிறுத்தி மீண்டும் கிளப்புதல் ஆகியவற்றைப் புகுத்த முனைந்தது. பயிற்றுநரும் பிரேக்கை மிதிக்கக்கூடிய இரட்டை அமைப்புள்ள வண்டிகளைத் தேர்வில் பயன்படுத்துவதைத் தடுத்தது. கைப்பிடியில் கியர் மாற்றும் எம்.80 வண்டிக்கும் விடை கொடுக்கப்பட்டது. அதன் உற்பத்தி நின்று பல ஆண்டுகளாகியும் அது தேர்வு மைதானங்களில் மட்டும் உயிரோடிருந்தது! எட்டுப் போடுவதற்கு அதைவிட வசதியான வண்டி வேறில்லை. தேர்ச்சி பெற்றபின் எவரும் அதை ஓட்டப்போவதில்லை என்பது வேறு செய்தி.

அவ்வாண்டு மே மாதத்தில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியினர் தேர்வுகளைப் புறக்கணித்துப் போராடினர். அவர்களை நிந்திப்போர் உண்டு. அவர்கள் கூற்றில் நியாயமும் இருந்தது. புதிய முறைக்குரிய மைதானங்கள் பல இடங்களில் அமைக்கப்படாத நிலையில் தேர்வு முறை மட்டும் மாறியது. எண்ணிக்கை குறைந்ததால் காத்திருப்போர் பெருகினர். வெளிநாட்டு வேலைக்கு நாள் குறித்துக்கொண்டிருக்கும் இளைஞனுக்கு ஒரு மாதத் தாமதம் என்பது வேலையையே இழப்பதாகும். பேச்சுவார்த்தைக்குப் பின் அரசு பல தளர்வுகளை அளித்தது. எண்ணிக்கை வரம்பு 40 ஆயிற்று. நாம் போட்ட அதே கணக்கில் தலைக்கு 9 நிமிடம்! 2025 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம், மத்திய விதிகளை மீறிச் சுற்றறிக்கை வழியே தேர்வு முறையை மாற்ற ஆணையருக்கு அதிகாரமில்லை என்று கூறி அந்த உத்தரவுகளை நீக்கியது. நோக்கம் சரியாயிருந்தும், அதற்கான கருவி வலுவற்றதாக இருந்தது. விதியைத் திருத்தும் பொறுப்பு மத்திய அரசினுடையது. ஆனால் விதியில் ஏற்கெனவே உள்ளவற்றை முழுமையாகச் சோதிக்க எவருடைய திருத்தமும் தேவையில்லை. ஆட்களும் நேரமும் இருந்தால் போதும்.

இனி நம் ஊர்ச் சாலைகளைப் பார்ப்போம். வெள்ளறடை, தனுவச்சபுரம் பக்கத்து உள்சாலைகள் மேடுபள்ளமும் வளைவும் நிறைந்தவை. இரு பக்கமும் மதில்கள். எதிரே வருவது பேருந்தா, பால்காரரின் மிதிவண்டியா என்பது திரும்பிய பிறகே தெரியும். அங்கிருந்து இறங்கினால் அமரவிளை, உதயன்குளங்கரை வழியாகச் செல்லும் பழைய தேசிய நெடுஞ்சாலை. கடைகள், பள்ளிகள், பேருந்து நிறுத்தங்கள் யாவும் ஒட்டிக்கிடக்கும் நெருக்கடியான சாலை அது. காரோட்டுக்குச் சென்றால் கழக்கூட்டத்திலிருந்து வரும் ஏறத்தாழ 43 கிலோமீட்டர் புறவழிச்சாலையின் முனை. அதில் முக்கோலை–காரோடு பகுதி கான்கிரீட் தளம். முதலாவது சாலை பொறுமையைக் கேட்கிறது; இரண்டாவது கவனத்தைக் கேட்கிறது; மூன்றாவது வேகத்தை அளந்தறியும் ஆற்றலைக் கேட்கிறது. இம்மூன்றும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கின்றன. உரிமம் பெற்ற முதல் நாளே 18 வயது இளைஞன் மூன்றிலும் செல்லலாம். மைதானத்தில் அவன் சென்ற வேகத்தில் நடந்தே போயிருக்கலாம்.

புள்ளிவிவரங்களைக் கையாள்வதில் எச்சரிக்கை தேவை. 2022இல் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்து 1,68,491 பேர் மாண்டனர். மாண்டோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் 18 முதல் 45 வயதுக்குட்பட்டோர். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகளில் 17,884 பேரும், கேரளத்தில் 43,910 விபத்துகளில் 4,317 பேரும் உயிரிழந்தனர். கேரளத்தில் பத்து விபத்துக்கு ஓர் உயிர். தமிழ்நாட்டில் நான்கு விபத்துக்கு ஓர் உயிருக்கும் சற்று மேல். இதைக் கொண்டு கேரளத் தேர்வு உயர்ந்தது என்று முடிவு கட்டினால் பிழையாகும். சாலையின் வேகம், மருத்துவமனையின் தொலைவு, சிறு விபத்துகளும் பதிவாகும் வழக்கம் ஆகிய பலவும் இந்த எண்களில் கலந்துள்ளன. தேர்வின் தரத்தை அளக்க வேண்டுமானால் உரிமம் பெற்ற முதல் இரண்டு ஆண்டுகளில் எத்தனை பேர் விபத்தில் சிக்கினர், அவர்கள் எந்த அலுவலகத்தில் தேர்ச்சி பெற்றனர் என்று பார்க்க வேண்டும். உரிமங்களின் விவரம் கணினியில் உள்ளது. விபத்துகளின் விவரமும் கணினியில் ஏறுகிறது. இரண்டையும் பொருத்திப் பார்ப்பது அலுவலர்களுக்கு அரிய செயலன்று. இம்மாணவர்களில் எவரேனும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளத் தக்க பொருளுமாகும்.

பழகுநர் உரிமத்துக்கான முதல்நிலைத் தேர்வைப் பற்றி ஒரு சொல். வினாக்களில் நூற்றுக்கு 60 பங்கு சரியாயிருந்தால் போதும். கேரளம் 2025 அக்டோபரில் வினாக்களை 20இலிருந்து 30ஆக உயர்த்தியது. ஆனால் 18க்குச் சரியான விடை என்ற அதே விகிதம்தான். சாலைக்குறிகள் பத்தில் நான்கை அறியாதவரும் வண்டியுடன் சாலைக்கு வரலாம் என்பது இதன் பொருள். பள்ளிப் பாடத்தில் 60 மதிப்பெண் முதல் வகுப்பாக இருக்கலாம். 'வழி விடு' என்னும் பலகையைப் பொறுத்தவரை முதல் வகுப்பு என்று ஒன்றில்லை.

இன்னொரு செய்தி பலர் கவனத்துக்கு வரவில்லை. 2024 நவம்பர் 6ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, இலகுரக வாகன உரிமம் உடையோர் 7,500 கிலோ எடைக்குட்பட்ட போக்குவரத்து வாகனங்களையும் தனி ஒப்புதலின்றி ஓட்டலாம் எனத் தீர்ப்பளித்தது. ஓட்டுநர்களின் வாழ்வாதார நோக்கில் இது வரவேற்கத்தக்கது. ஆனால் சிறிய காரில் 'எச்' எடுத்தவர் மறுநாள் சரக்கேற்றிய சிற்றுந்து ஒன்றை இந்த இறக்கங்களில் ஓட்டலாம். பாரம் ஏறிய வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சோதித்துக் காட்டியிருக்கமாட்டார்கள். உரிமத்தின் எல்லை விரிந்துள்ளது. தேர்வின் எல்லை விரியவில்லை.

2021 ஜூலை முதல் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கென ஒரு வழி திறந்துள்ளது. இலகுரக வாகனத்துக்கு நான்கு வாரங்களுக்குள் 29 மணி நேரப் பயிற்சி; அதில் 21 மணி நேரம் செய்முறை. அதை முடித்துத் தேறியவருக்கு அரசு அலுவலகத்தின் ஓட்டுநர் தேர்விலிருந்து விலக்கு. அந்த 29 மணி நேரத்தை நான் முழுமனத்துடன் பாராட்டுவேன். விலக்கைப் பாராட்ட இயலவில்லை. கற்பித்தவரே தேர்வாளராகும்போது, கட்டணம் செலுத்திய மாணவரைத் தவறச் செய்ய மனவலிமை மிகவும் வேண்டும். பயிற்சி அங்கு நடக்கட்டும். தேர்வு வேறு கையில் இருக்கட்டும்.

தேர்வில் தவறியவர் ஏழு நாள் கழித்து மீண்டும் வரலாம். மூன்று முறை தவறினால் அறுபது நாள் பொறுக்க வேண்டும் என்பது சட்டம். தவறியவரிடம் எதில் தவறினார் என்று எழுதித் தரும் வழக்கம் வந்தால் அந்த இடைவெளி பயிற்சியாகும். இல்லையேல் வெறும் காத்திருப்பு.

இந்த வட்டாரத்தில் தொடங்குவதற்கு ஒரு முறையைக் கூறுகிறேன். நெய்யாற்றின்கரையில் புறப்பட்டு அமரவிளை, உதயன்குளங்கரை வழியே பாறசாலை. அங்கிருந்து ஊர்ச்சாலையில் காரோடு. பிறகு புறவழிச்சாலையில் சிறிது தூரம். மூன்று வகைச் சாலையும் இதில் அடங்கும். ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகும்; ஓர் ஆய்வாளர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு பேரை மட்டுமே சோதிக்க முடியும். நாற்பது பேரைச் சோதிக்க மூன்று, நான்கு ஆய்வாளர்கள் வேண்டும். அவர்களுக்கான ஊதியத்தை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்பதை இங்கு அமர்ந்திருக்கும் அலுவலர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள்.