ஆலைக் கழிவுநீர் மீண்டும் கொதிகலனுக்கு



செம்பனை ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குக் கழிவுக் குளத்து வாடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் சோறு இறங்காது! அந்தத் தண்ணீரையே சுத்தம் செய்து கொதிகலனுக்கு, அதாவது நம் பேச்சில் பாய்லருக்கு, மறுபடி விடலாம். "என்னங்க இது, சாக்கடைத் தண்ணியையா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

ஒரு டன் எண்ணெய் எடுக்க 5 முதல் 7 டன் தண்ணீர் செலவாகிறது. அதில் பாதிக்கு மேல் கழிவாகிறது. குலைகளை வேகவைத்த நீராவி பழத்தைத் தொட்டு அழுக்காகிவிடுவதால் பாய்லருக்குத் திரும்புவதில்லை. ஆகவே புதுத் தண்ணீர் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மலேசியாவில் 1977-இல் இதற்கென விதிகள் வந்தன. கழிவு எவ்வளவு உயிர்வளியைத் தின்னும் என்பதே அளவுகோல். ஆலையை விட்டு வரும்போது லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். 1978-இல் 5,000 வரை அனுமதித்து, படிப்படியாக இறக்கி, 1984-இல் 100 ஆக்கினார்கள். குளத்தில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள்தாம் இதில் பெரும்பங்கு வேலை செய்கின்றன.

ஆனால் 100-ஐ எட்டிய தண்ணீரிலும் தேநீர் நிறம் போகாது, உப்பும் போகாது. அதைப் பாய்லர் தாங்காது. ஏன் தெரியுமா? நீர் ஆவியாகிப் போய்விடும். உப்பும் சிலிக்காவும் உள்ளேயே தங்கிக் குழாயில் படியும். வீட்டுச் சட்டி அடிப்பிடித்தால் சோறுதான் தீயும். பாய்லர் குழாயில் படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே நின்று, குழாய் வெடிக்கும். பக்கத்தில் நிற்பவர் யார்? நம் வீட்டு ஆள்! தண்ணீரில் கரைந்த உயிர்வளியும் சும்மா இருக்காது, இரும்பை அரித்துவிடும்.

ஆதலால் குளத்து வேலை முடிந்தபின், நுண்துளைச் சவ்வில் வடித்து மிச்ச எண்ணெயையும் கசடையும் நீக்குகிறார்கள். பிறகு மிகுந்த அழுத்தத்தில் இன்னொரு சவ்வு வழியே தள்ளுகிறார்கள். அது உப்பைப் பெரும்பாலும் தடுத்துவிடும். சிங்கப்பூரில் 2003 முதல் நியூவாட்டர் என்ற பெயரில் தொழிற்சாலைகளுக்குப் போவதும் இத்தகைய சவ்வில் சுத்தமான கழிவுநீர்தான். கடைசியாக, கரைந்த உயிர்வளியை நீக்கிப் பாய்லருக்கு அனுப்ப வேண்டும்.

சவ்வு விலை அதிகம். எண்ணெய் பட்டால் அடைச்சிக்கும். பம்பு ஓட்ட மின்சாரமோ, பழ நாரையும் ஓட்டையும் எரித்து ஆலையே செய்துகொள்கிறது.

இன்னும் ஒன்று. சவ்வு தடுத்த உப்புநீர் ஒரு பக்கம் சேருமே, அது எங்கே போகிறது? புதுக் கருவியைச் சுற்றிக் காட்டும் ஆலைக்காரரிடம் முதலில் இதைக் கேளுங்கள். செம்பனைக்கு வேண்டிய சாம்பல்சத்து அதில்தான் இருக்கிறது, ஆற்றில் விடுவதற்கில்லை.