வந்து உட்கார்ந்தவருக்கே முதல் டிக்கெட்

(சங்கத்தின் பொதுக்குழுவில் பேசியது)



முப்பது வருஷத்துக்கு மேல் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். எதையும் டெபாசிட் கணக்காகவே பார்ப்பேன். கால்பந்து சீசன் டிக்கெட் வாங்குவது ஃபிக்சட் டெபாசிட் போல. ஒரே தடவை பணம் கட்டினால் முடிந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருவது ஆர்.டி. போல, தவணை தவறக்கூடாது. இந்த இரண்டாவதுக்குத்தான் வட்டி தர வேண்டும்.

இங்கிலாந்தில் பல கிளப்புகள் ரசிகர்களுக்குப் புள்ளி தருகின்றன. வெளியூர் ஆட்டம், இறுதி ஆட்டம் என்று டிக்கெட் தட்டுப்பாடு வரும்போது, புள்ளி அதிகம் உள்ளவருக்கே முதல் உரிமை. நம் சென்னையின் எஃப்.சி. அணி 2015-லும் 2018-லும் ஐ.எஸ்.எல். கோப்பை வென்றது. இறுதி ஆட்டங்கள் நடந்தது கோவாவிலும் பெங்களூருவிலும். அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால் முதல் டிக்கெட் யாருக்கு? பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் அணி தோற்ற நாளிலும் உட்கார்ந்திருந்தவருக்கு. டி-ஷர்ட், கூப்பன் எல்லாம் அப்புறம்.

ஆனால் ஒன்று. நம் குடியிருப்பில் பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள். இரவு ஏழரை மணி ஆட்டத்துக்கு இரண்டாம் ஷிப்ட்காரர் எப்படிப் போவார்? அவரை வராதவர் என்று ஒதுக்குவது நியாயமில்லை. தன் டிக்கெட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அனுப்பினால், அந்த வருகையும் அவர் கணக்கில் ஏற வேண்டும்.

கிளப் அதைச் செய்யட்டும். நாம் செய்யக்கூடியது ஒன்று: போக முடியாத நாளில் டிக்கெட்டை அலமாரியில் வைக்காதீர்கள். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுங்கள்; போவதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.