தோளில் பட்ட பந்து



காத்தோங்கிலிருந்து காலாங் அதிக தூரமில்லை. 1973ல் திறக்கப்பட்டு 2007ல் மூடப்பட்ட பழைய தேசிய விளையாட்டரங்கில் கோல் போட்டவர்கள் யார் யார் என்று கேளுங்கள், இங்குள்ள பெரியவர்கள் மளமளவென்று பெயர் சொல்வார்கள். கோல் விழாமல் தடுத்தவர்கள் யார்? 1977ல் மலேசியக் கிண்ணத்தை வென்ற அணியின் தலைவர் சமது அல்லாபிச்சை என்று ஒரு குரல் வரும். அப்புறம் யோசிக்க வேண்டியதுதான். தற்காப்பு ஆட்டக்காரரின் தலைவிதி அப்படி.

ஆர். சசிகுமாரின் கதை இன்னும் வேடிக்கை. அவரும் தற்காப்பு ஆட்டக்காரர்தான். ஆனால் நாம் அவரை நினைப்பது ஒரு கோலுக்காக.

1998 செப்டம்பர் 5, ஹனோய். டைகர் கிண்ண இறுதியாட்டம். எதிரே வியட்நாம். சொந்த மண், சொந்த ரசிகர்கள், அரையிறுதியில் தாய்லாந்தை 3-0 என்று நொறுக்கிய தெம்பு வேறு. இரண்டாம் பாதியில் பந்து சசிகுமாரின் தோளில் பட்டு வலைக்குள் போனது. அவர் உதைக்கவும் இல்லை, தலையால் முட்டவும் இல்லை. 1-0. கிண்ணம் சிங்கப்பூருக்கு! 1986ல் மரடோனாவுக்குக் 'கடவுளின் கை' என்றால் இவருக்குக் 'கடவுளின் தோள்' என்றார்கள்.

அதிர்ஷ்டம்தானே? இருக்கட்டும். ஆனால் குழு ஆட்டத்திலும் சிங்கப்பூரிடம் வியட்நாம் 0-0 என்றுதான் முடித்தது. ஆக, சொந்த மண்ணில் இரண்டு ஆட்டங்கள், 180 நிமிடங்கள். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஹோங் சோன் இருந்தும் வியட்நாமால் ஒரு கோல் போட முடியவில்லை. அதற்கும் அதிர்ஷ்டம் என்று பெயர் வைப்போமா?

அதே தொடரில் இன்னொரு தற்காப்பு ஆட்டக்காரரும் பேர் வாங்கினார். இந்தோனீசியாவின் முர்சித் எஃபெண்டி. தாய்லாந்தை ஜெயித்தால் அரையிறுதியில் ஹனோய்க்குப் போய் வியட்நாமுடன் மோத வேண்டும். அதைத் தவிர்க்கத் தம் வலைக்குள்ளேயே வேண்டுமென்று பந்தை அடித்தார். அனைத்துலக ஆட்டங்களில் ஆட அவருக்கு வாழ்நாள் தடை. அப்படித் தோற்று வந்த இந்தோனீசியாவைத்தான் அரையிறுதியில் சிங்கப்பூர் 2-1 என்று வீட்டுக்கு அனுப்பியது!

ஆட்டத்தை விட்ட பிறகு சசிகுமார் விளையாட்டு வணிகத்தில் இறங்கினார். அவரைச் சந்திப்பவர்கள் கேட்பது தோளைப் பற்றித்தான். ஹோங் சோனை எப்படி ஐயா தடுத்தீர்கள் என்று யாராவது ஒருவர் கேட்கக் கூடாதா?